அக்காவுக்கு உடல் பருமன் அறுவை சிகிச்சை: மருத்துவமனையை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

காவிரிக்கரையான் (நாமக்கல்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 41. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 104 கிலோ; உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்கிட்டால் 41.7 வருகிறது. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்குச் சென்ற ஆண்டு இன்சுலினும் தொடங்கிவிட்டார்கள். இரவில் பலத்த குறட்டை; பகலில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுகிறார். ஒருமுறை ஊசி விரலில் ஏறிய பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நிலைமை உறைத்தது. நடை, உணவுக் கட்டுப்பாடு, சித்த மருந்து என்று எல்லாவற்றையும் உண்மையாகவே முயன்று பார்த்தவர் அவர். எங்கள் சர்க்கரை மருத்துவரே இப்போது பேரியாட்ரிக் எனும் உடல் பருமன் அறுவையைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

மூன்று இடங்களுக்குப் போய் வந்தோம். முதல் இடத்தில் அறுவை மருத்துவரைப் பார்க்க முடியவில்லை. ஆலோசகர் என்ற ஒருவர் இருபது நிமிடங்களில் 'ஸ்லீவ்' (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை) என்று முடிவு செய்து, பேக்கேஜ் 2,60,000 ரூபாய் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் 30,000 குறையும் என்றும் சொன்னார். இரண்டாவது இடத்தில் மருத்துவரே முக்கால் மணி நேரம் பேசினார். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் உறக்கப் பரிசோதனையும் முடியாமல் எந்த அறுவை என்று சொல்ல இயலாது என்றார். செலவு நான்கு இலட்சத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது இடத்தில் அறுவை செய்பவர் வெளியூரிலிருந்து மாதம் இருமுறை வருபவர், நல்ல பெயர் உள்ளவர், கட்டணம் 3,40,000.

அக்கா கணவரை இழந்தவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். அதனால் பணத்தைவிட அச்சமே எங்களைத் தடுக்கிறது. எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உறையூர் மீனா (திருச்சி)

தம்பி, நான் 2019இல் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவள். அப்போது என் எடை 112 கிலோ, இன்று 76. அறுவை செய்துகொண்டதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்துக்காக இன்றும் வருந்துகிறேன். அதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று இடங்களின் விவரங்களைப் படித்தபோது என்னுடைய பழைய நாட்கள் அப்படியே நினைவுக்கு வந்தன.

நான் பார்த்ததெல்லாம் மூன்று: கட்டணம், மருத்துவரின் புகழ், சுவரில் மாட்டியிருந்த 'முன்–பின்' படங்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் மாலை இடது தோளில் ஒரு வலி தொடங்கியது. காய்ச்சல் பெரிதாக இல்லை. ஆனால் படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. என் கணவர் நாடி பார்த்தார். நிமிடத்துக்கு 120க்கு மேல். மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணை அழைத்தபோது ஒருங்கிணைப்பாளர் பேசினார். அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவின் வலியாக இருக்கும் என்றும், காலையில் வந்தால் போதும் என்றும் சொன்னார். அந்த வாயு வலி முதல் இரண்டு மூன்று நாட்களில் வருவது, ஒன்பதாம் நாள் புதிதாகத் தொடங்குவதல்ல என்பது எனக்கு அன்று தெரியாது. அறுவை செய்த மருத்துவர் அப்போது வேறொரு ஊரில் இருந்தார். அவருடைய எண் எங்களிடம் இல்லை.

இரவு பதினொரு மணிக்கு அருகிலிருந்த வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் ஸ்லீவ் அறுவை என்று கேட்டவுடனேயே மருந்து கொடுத்து சிடி ஸ்கேன் எடுத்தார். இரைப்பையைத் தைத்த கோட்டின் மேல் முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்கு அருகே கசிவு. அன்றிரவே மீண்டும் அறுவை, பிறகு வயிற்றில் வடிகுழாய், குடலுக்கு நேரடியாக உணவு செலுத்த ஒரு குழாய், 47 நாட்கள் மருத்துவமனை வாசம். பேக்கேஜில் இவை எவையும் அடங்கவில்லை. முதல் அறுவைக்கு ஆன செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் இரண்டாவது சிகிச்சைக்கு ஆனது. எங்கள் புறநகர் மனையை விற்றோம்.

கசிவு எந்தக் கைதேர்ந்த மருத்துவரிடமும் நேரலாம் என்று பின்னால் புரிந்துகொண்டேன். அதனால் கசிவு ஏற்பட்டதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. அது வந்த இரவில் எனக்கு மறுமொழி சொல்ல அறிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதே என் குறை. ஆகவே தம்பி, ஒவ்வோர் இடத்திலும் இதைக் கேளுங்கள்: 'பத்தாம் நாள் இரவு பத்து மணிக்கு என் அக்காவுக்கு நாடித் துடிப்பு ஏறினால் நான் யாரை அழைப்பேன், அவர் எவ்வளவு நேரத்தில் அக்காவைப் பார்ப்பார், ஸ்கேனும் அறுவை அரங்கும் அந்த நேரத்தில் திறந்திருக்குமா?' இதற்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் பதிலாக வர வேண்டும். 'கவலைப்படாதீர்கள், அப்படியெல்லாம் ஆகாது' என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது இடத்தைப் பற்றி எனக்கு அச்சம் உண்டு. வருகை மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இந்த அறுவையின் கடினமான நாட்கள் தொடங்குகின்றன.

பாலா 77 (ஈரோடு)

இப்போதுதான் வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கே வந்துவிட்டனவே. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வீகோவியும் இங்கு விற்பனைக்கு வந்தன. வயிற்றை வெட்டுவதற்கு முன் அதை முயலலாமே என்பது என் தாழ்மையான கருத்து.

வைகை அறுவையாளர் (மதுரை)

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பொது அறுவை மருத்துவன் நான். பேரியாட்ரிக் அறுவையை நானே செய்தவன் அல்லன். ஆனால் அதன் சிக்கல்களோடு வந்த நோயாளிகளைப் பல இரவுகள் கவனித்திருக்கிறேன். அதனால் எனக்கும் இதில் சொல்ல வேண்டியவை உண்டு.

முதலில் பாலாவின் கருத்து. ஊசி தவறான யோசனையன்று. அக்காவின் சர்க்கரை மருத்துவரிடம் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதால் அது ஆண்டுக்கணக்கில் தொடரும் செலவு; பிஎம்ஐ 40க்கு மேல் உள்ளவருக்கு அறுவையின் பலன் இன்றளவும் கூடுதலாகவே உள்ளது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் அறுவைக்குப் போனால் அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்தால் மயக்கத்தின்போது அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

இனி மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது. கைத்திறன் என்பது நோயாளிகளின் வாய்மொழிப் புகழ் மட்டுமன்று, அளந்து பார்க்கக்கூடியது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது, 2013இல் வெளியானது. இருபது பேரியாட்ரிக் அறுவையாளர்கள் தாங்கள் செய்த இரைப்பை பைபாஸ் அறுவையின் காணொளியைக் கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமல் சக அறுவையாளர்கள் மதிப்பெண் இட்டார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டது; முதல் கால்பங்கினரிடம் அது 5.2 விழுக்காடுதான். அத்தனை பேரும் இதே துறையில் பயிற்சி பெற்றவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். திறமையானவர்கள் ஆண்டுதோறும் கூடுதலான அறுவைகளைச் செய்பவர்களாகவும் இருந்தார்கள். காணொளியை நாம் மதிப்பிட முடியாது. ஆனால் எண்ணிக்கையைக் கேட்க முடியும். 'சென்ற ஆண்டு நீங்கள் உங்கள் கையால் எத்தனை ஸ்லீவ், எத்தனை பைபாஸ் செய்தீர்கள்? அவற்றில் எத்தனை கசிவு, எத்தனை இரத்தக்கசிவு, எத்தனை பேர் முப்பது நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு மையத்துக்கு முழு அங்கீகாரம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஐம்பது அறுவைகளாவது நடந்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதை ஓர் அளவுகோலாக மனத்தில் கொள்ளலாம். கசிவே நேர்ந்ததில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் மிகச் சிலவே செய்திருக்க வேண்டும் அல்லது செய்தவர்களைப் பின்தொடரவில்லை என்றுதான் நான் பொருள்கொள்வேன்.

ஆபத்தை மிகைப்படுத்தவும் வேண்டாம். 2009இல் வெளியான, 4,776 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் முப்பது நாள் இறப்பு 0.3 விழுக்காடு, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை அப்போதைவிட இன்று மேலும் முதிர்ந்திருக்கிறது. அதற்காக அதை அற்பமாக எண்ணிவிடவும் முடியாது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவையின்போது இறந்ததும், அரசு விசாரணைக் குழு அமைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செய்திக்குப் பிறகு என்னிடம் கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: அவசரம் காட்டும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். இது திட்டமிட்டுச் செய்யும் அறுவை. குடல்வால் வெடித்ததைப்போல் இன்றே செய்தாக வேண்டியதன்று. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்பது மருத்துவ அறிவுரை ஆகாது.

எந்த அறுவை என்பதை இருபது நிமிடங்களில் ஓர் ஆலோசகர் முடிவு செய்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஸ்லீவில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலை அதனோடு இணைக்கிறார்கள். பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளின் ஐந்தாண்டு முடிவுகள் 2018இல் வெளியாயின. எடைக் குறைவில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் ஸ்லீவுக்குப் பின் கூடுதல். ஆகவே அக்காவுக்கு ஏற்கெனவே எதுக்களிப்போ ஏற்றக் குடலிறக்கமோ (இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறியிருப்பது) இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்க்காமல் ஸ்லீவ் என்று சொல்வது முறையன்று. ஒரே ஒரு அறுவையை மட்டும் செய்யத் தெரிந்தவர் எல்லோருக்கும் அதையே பரிந்துரைப்பார் என்பதால், இரண்டையும் செய்பவரிடம் போவது நல்லது.

சர்க்கரை 'முற்றிலும் குணமாகும்' என்று யாராவது உறுதி கூறினால் அதையும் ஐயத்தோடு கேளுங்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 பேரை ஐந்தாண்டு தொடர்ந்த ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. பலன் பெரிது, ஆனால் எல்லோருக்கும் கிடைப்பதன்று. ஏழு ஆண்டுச் சர்க்கரையும் இன்சுலினும் உள்ளவருக்கு மருந்து நன்றாகக் குறையும் என்று எதிர்பார்ப்பதே நேர்மையான எதிர்பார்ப்பு.

மருத்துவரின் பதிவை மாநில மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனையின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழும் சரிபார்க்கலாம். மருத்துவமனைகளின் தரத்துக்குத் தரப்படும் என்ஏபிஎச் சான்றிதழ் இருப்பது நல்லதே. அது மருத்துவமனை முழுமைக்கானது, இந்த அறுவையில் தேர்ச்சி உண்டு என்பதற்கான சான்று அன்று.

இரவுப்பணிச் செவிலி (கோவை)

மருத்துவர் ஐயா எழுதியதோடு ஐசியூவில் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அண்ணா, உங்கள் அக்காவின் பகல் உறக்கமும் குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. அது உறக்கப் பரிசோதனையில் உறுதியானால் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே, காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் கருவியைப் பழகிக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பிந்திய இரவில், வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கும் இத்தகைய நோயாளியின் மூச்சு ஓசையின்றி நின்றுபோகக்கூடும். ஆகவே அந்த இரவு அக்கா எங்கே படுத்திருப்பார், ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து யார் பார்ப்பார்கள், மயக்க மருத்துவர் வளாகத்திலேயே இருப்பாரா என்று கேளுங்கள். ஐசியூ இல்லாத இடத்தில் இந்த அறுவையைச் செய்துகொள்ள நான் என் வீட்டார் யாரையும் அனுமதிக்க மாட்டேன்.

முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் எல்லா மருத்துவமனையும் நன்றாகவே தெரியும். இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர், பணி மருத்துவர் யார், ஆய்வகமும் இரத்த வங்கியும் இயங்குகின்றனவா என்பவை அப்போதுதான் கண்ணில் படும். கட்டில், சக்கர நாற்காலி, அறுவை மேசை, இரத்த அழுத்தப் பட்டை ஆகியவை பருமனான உடலுக்கு ஏற்றவையா என்றும் பாருங்கள். சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் தவறாகக் கூடுதலாகக் காட்டும். இவ்வளவு சிறிய பொருளைக்கூட வாங்கி வைக்காத இடம் இத்தகைய நோயாளிகளை அடிக்கடி பார்ப்பதில்லை என்று நான் முடிவுகட்டிவிடுவேன்.

காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது கசிவுக்கு இணையான ஆபத்து. அறுவையன்று மாலையே நடக்க வைக்கிறார்களா, உறைதலைத் தடுக்கும் ஊசி எத்தனை நாள் போடுகிறார்கள், வீட்டுக்குப் போன பிறகும் தொடருமா என்பதும் கேட்க வேண்டியதே.

மலிவான பேக்கேஜ்களைப் பற்றியும் ஒன்று. ஸ்லீவுக்குப் பொதுவாக இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ்கள் நான்கு முதல் ஆறு தேவைப்படும். செலவில் கணிசமான பங்கு அவற்றுக்கு ஆகும். அவை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கு உரியவை. எந்த நிறுவனத்தின் ஸ்டேப்ளர், எத்தனை கார்ட்ரிட்ஜ் என்பது பில்லிலும் அறுவைக் குறிப்பிலும் எழுதப்படுமா என்று கேட்டு வையுங்கள்.

பாலைவனத் தமிழன் (துபாய்)

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் மனைவிக்கு வயது 29, பிஎம்ஐ 38. குழந்தைக்காக நான்கு ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம். எடை குறைந்தால் கருத்தரிக்க எளிதாகும் என்று மகப்பேறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்குக் கிடைப்பதோ பதினைந்து நாள் விடுப்பு. அதற்குள் சென்னைக்கு வந்து முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று ஒரு நிறுவனம் விமான டிக்கெட்டோடு சேர்த்தே திட்டம் தருகிறது. இது சரிவருமா?

உறையூர் மீனா (திருச்சி)

தம்பி, எனக்குக் கசிவு தெரிந்தது ஒன்பதாம் நாள். உங்கள் கணக்கில் அது பெட்டி கட்டும் நாள். பதினைந்து நாளில் முடிக்க வேண்டாம். நீங்கள் திரும்பினாலும் மனைவி குறைந்தது ஒரு மாதமாவது மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உள்ள ஊரில், உறவினர் துணையோடு இருக்கட்டும்.

வைகை அறுவையாளர் (மதுரை)

மீனா அம்மையார் சொன்னதே என் கருத்தும். மேலும் இரண்டு. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்; வேகமாக எடை இறங்கும் அந்தக் காலத்தில் தாயிடமே சத்துக்கள் போதாமல் இருக்கும். எடை குறையக் குறையக் கருவுறும் வாய்ப்பு எதிர்பாராத வேகத்தில் கூடும் என்பதால் கருத்தடையைப் பற்றி முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இதை உங்களிடம் அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறதா? சொல்லவில்லையென்றால் உங்கள் மனைவியின் நிலையைக் கேட்காமலேயே திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாவதாக, துபாயில் உங்களைத் தொடர்ந்து பார்க்க ஒப்புக்கொள்ளும் மருத்துவரை முதலில் கண்டுபிடியுங்கள். அறுவைக் குறிப்பின் முழு நகலைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளேயே ஒரு சந்தில் சிக்கிக்கொள்ளக்கூடும். அந்த நாளில் முன்பின் அறியாத மருத்துவருக்கு உள்ளே எது எதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது அந்தத் தாள்தான்.

காப்பீட்டு முகவர் செந்தில் (சேலம்)

காவிரிக்கரையான் அவர்களுக்கு: காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த விதியின்படி, உடல் பருமன் அறுவையை விலக்கும் பிரிவுக்கே சில நிபந்தனைகள் உண்டு. வயது 18 நிறைந்து, மருத்துவரின் அறிவுரைப்படி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருந்து மற்ற முறைகள் பலனளிக்காமல் போயிருந்தால், அந்த விலக்கு பொருந்தாது. உங்கள் அக்கா முதல் வரிக்குள்ளேயே வந்துவிடுகிறார். எனினும் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அது அதிகபட்சம் 36 மாதங்கள். பாலிசி எடுத்தபோது சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மருத்துவமனை முன்அனுமதிக் கடிதத்தில் உயரம், எடை, உறக்கப் பரிசோதனை முடிவு, இதுவரை முயன்ற சிகிச்சைகள் ஆகிய எல்லாவற்றையும் எழுத வேண்டும். ரொக்கம் கட்டினால் தள்ளுபடி, காப்பீடு என்றால் கூடுதல் கட்டணம் என்று இரு விலை சொல்லும் இடங்களில் எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். சிக்கல் ஏற்பட்டு இரண்டாம் அறுவை தேவைப்பட்டால் அதன் செலவு யாருடையது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

தஞ்சை உணவியலாளர்

எல்லோரும் முதல் மாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் மூன்றாம் ஆண்டைப் பற்றி நான் எழுதுகிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் வேறெங்கோ அறுவை செய்துகொண்டு, ஆறு மாதம் கழித்து யாரும் அழைக்காமல் போனதால் தாமாகவே மாத்திரைகளை நிறுத்தியவர்கள். கால் மரத்துப்போய், நடை தள்ளாடி வந்த ஒரு பெண்ணுக்கு பி12 மிகவும் தாழ்ந்திருந்தது. அவர் சைவ உணவுக்காரர். நம் பக்கத்தில் சைவர்களுக்கு அறுவைக்கு முன்பே பி12 குறைவாக இருப்பது வழக்கம். அறுவைக்குப் பின் உணவிலிருந்து அது உடலில் சேர்வது மேலும் குறைகிறது. இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இந்த மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இன்னொன்றை மருத்துவர்களே சில நேரம் தவற விடுகிறார்கள். அறுவைக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் என்று வாந்தி தொடர்ந்தால் தயமின் எனும் பி1 சத்து தீர்ந்துபோய் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். வாந்திக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில் போட்டு அனுப்பும் சிறு மருத்துவமனைக்கு உங்கள் அக்கா போக நேர்ந்தால், இதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு மையத்தைப் பார்க்கும்போது அங்கே உணவியலாளர் முழுநேரம் இருக்கிறாரா, அறுவைக்கு முன் எத்தனை முறை சந்திப்பார், 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்கு அவர்களே அழைப்பார்களா என்று கேளுங்கள். அவர் கொடுக்கும் உணவுப் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அதை நம் வீட்டுப் பயறு, சுண்டல், முட்டை, மீன், தயிர், பனீர் இவற்றைக் கொண்டு எப்படி நிரப்புவது என்று அதில் இருக்க வேண்டும். வேறு நாட்டுப் பட்டியலை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால், இரண்டாம் வாரமே அதை மூடி வைத்துவிட்டு ரசம் சோற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் கண்கூடாகக் கண்டது.

காவிரிக்கரையான் (நாமக்கல்)

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எழுதிய அனைவரின் பதில்களையும் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் கேள்விகளைத் தம் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அவரே கேட்டார், நான் உடன் இருந்தேன்.

முதல் இடத்தில் கசிவைப் பற்றிக் கேட்டபோது, இதுவரை ஒன்றுகூட நேர்ந்ததில்லை என்று ஆலோசகர் சொன்னார். ஆண்டு எண்ணிக்கையைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அங்கே மீண்டும் போகவில்லை. மூன்றாவது இடத்தில் மருத்துவர் நேர்மையாகவே பேசினார். தாம் இல்லாத நாட்களில் உள்ளூர்ப் பொது அறுவை மருத்துவர் கவனிப்பார் என்றும், தேவைப்பட்டால் நோயாளியைக் கோவைக்கு மாற்றுவோம் என்றும் சொன்னார். ஆம்புலன்சில் அக்காவை ஏற்றிக்கொண்டு போகும் அந்த இரவை நினைத்துப் பார்த்தபோது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது இடத்தின் மருத்துவர் நோட்டைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சென்ற ஆண்டு ஸ்லீவும் பைபாஸும் சேர்த்து 130க்கு மேல் செய்ததாகவும், அவற்றில் ஒரு கசிவும் மூன்று இரத்தக்கசிவுகளும் நேர்ந்ததாகவும் சொன்னார். அந்தக் கசிவு நோயாளியின் ஒப்புதலோடு அவருடைய எண்ணையே கொடுத்தார். அவரிடம் பேசினோம், இரண்டு மாதம் அல்லல்பட்டதாகவும், ஆனால் ஒருநாள்கூடத் தம் அழைப்பு எடுக்கப்படாமல் போனதில்லை என்றும் சொன்னார். எங்களுக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. செவிலி சகோதரி சொன்னபடி ஓர் இரவு ஒன்பதரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். பணி மருத்துவர் அறுவைத் துறையைச் சேர்ந்தவராகவே இருந்தார்.

எண்டோஸ்கோப்பியில் அக்காவுக்கு ஏற்றக் குடலிறக்கமும் உணவுக்குழாயில் புண்ணும் இருப்பது தெரிந்தது. வயிற்றெரிச்சலை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. அதனால் ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ் என்று முடிவாகியிருக்கிறது. உறக்கப் பரிசோதனையில் கடுமையான மூச்சுத்தடை. மூன்று வாரமாக சீபாப் போட்டு உறங்குகிறார். பகலில் தூங்கி விழுவது இப்போதே நின்றுவிட்டது. செலவு 4,15,000, காப்பீட்டின் முன்அனுமதி 3 இலட்சத்துக்கு வந்திருக்கிறது, மீதிக்கு நகையை அடகு வைத்திருக்கிறோம். கல்லீரலைச் சுருக்குவதற்கான இரண்டு வாரக் குறைகலோரி உணவு வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது.

மீனா அக்காவிடம் என் அக்கா ஒன்று கேட்கச் சொன்னார்: முடி கொட்டும் என்கிறார்களே, உங்களுக்கு எவ்வளவு கொட்டியது, திரும்ப வளர்ந்ததா?

உறையூர் மீனா (திருச்சி)

மூன்றாம் மாதம் தொடங்கி ஏழாம் மாதம் வரை கைநிறையக் கொட்டியது. சீப்பைப் பார்க்கவே மனம் வராது. பின்னல் பாதியாகிவிட்டது. புரதத்தையும் இரும்பையும் விடாமல் எடுத்தேன். ஓராண்டு முடிவதற்குள் நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முளைத்து, இரண்டாம் ஆண்டில் பழையபடி ஆயிற்று. அக்காவை அறுவைக்கு முன் முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கொட்டுவது அவ்வளவாகத் தெரியாது. தேதி முடிவானதும் எழுதுங்கள் தம்பி. சமயபுரத்தில் விளக்குப் போடுகிறேன். என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இரவு எந்த நேரமானாலும் அக்கா அழைக்கலாம்.